செவியால் ஓதிய பள்ளியும் செவியில்லாப் பிள்ளையும்

கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடியிலும், அதன் அண்டையிலுள்ள குலசேகரன்பட்டினத்திலும், திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினத்திலும், முத்துக்குளித்துறை எனப் பழைய ஏடுகள் போற்றும் இக்கரையின் முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றிலும் ஓதுப்பள்ளி என்பது ஊரோடு ஒட்டிப் பிறந்த நிறுவனம். நான்கு வயதும் நான்கு மாதமும் நான்கு நாளும் நிறைந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, லெப்பையின் முன் அமர்த்தி ‘பிஸ்மில்லாஹ்’ சொல்ல வைப்பது நம் முன்னோர் போற்றிய வழக்கம். பாலர் கல்வி என்று இன்று கல்வியாளர்கள் எதனைப் பேசுகின்றார்களோ, அதனை நம்மவர் பெயர் சூட்டாமலே பல தலைமுறைகளாக நடத்தி வந்திருக்கின்றனர்.

இப்பள்ளியின் பாடமுறையைச் சற்று உற்று நோக்குவோம். லெப்பை ஓதுவார்; பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும். பிழை நேர்ந்தால் மீண்டும் அவர் ஓதுவார். மீண்டும் பிள்ளை சொல்லும். பலகையும் ஏடும் பின்னர் வந்து சேரும் துணைகளே. அறிவு நாவிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து நெஞ்சுக்கும் செல்கின்றது. கண்ணுக்கு அங்கே இரண்டாம் இடம்தான். எனவே விழியிழந்த பிள்ளையொன்று அப்பாயில் வந்து அமர்ந்தால் அதற்கெனத் தனி வகுப்போ தனி ஆசிரியரோ வேண்டியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் ஓதியதை அதுவும் ஓதிற்று. சிலவேளை அவர்களை முந்தியும் ஓதிற்று. பார்வையற்ற ஹாபிழ்கள் இஸ்லாமிய உலகில் எங்கணும் தோன்றியதன் இரகசியம் இதுவே. வைசூரி கண்களைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் இஃது எத்துணைப் பெரிய புகலிடமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் வைசூரி முற்றாக ஒழிந்தது 1975இல்தான்.

பார்வையற்றோரைக் கல்வியில் முன்னிறுத்தும் இம்மரபுக்கு வேர் மிக ஆழமானது. திருமறையின் 80ஆம் அத்தியாயம் இறங்கிய வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் இருக்க முடியாது. குறைஷித் தலைவர்களோடு நபிபெருமானார் (ஸல்) உரையாடிக் கொண்டிருந்த வேளையில், விழிப்புலனற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அங்கு வந்தார். அவர் பொருள் கேட்டு வரவில்லை. கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வந்தார். அவருடைய அந்த வேட்கையைப் பின்தள்ளலாகாது என்று வஹீ இறங்கிற்று. பின்னாளில் பெருமானார் அவரைப் பெரிதும் மதித்ததும், பயணம் செல்லும்போது ஒருமுறைக்கு மேல் மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததும், பாங்கு சொல்லும் பணியை அவருக்கு அளித்ததும் வரலாறு.

இதில் பலரும் கவனியாது விடும் நுட்பம் ஒன்றுண்டு. ரமலானில் பிலால் (ரலி) அவர்கள் இரவிருக்கும்போதே பாங்கு சொல்வார்; இப்னு உம்மி மக்தூம் (ரலி) வைகறையில் சொல்வார். விழியற்றவர் வைகறையை எங்ஙனம் அறிவார்? ‘விடிந்துவிட்டது’ என்று அருகிலிருப்போர் அவரிடம் சொல்வர். அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார் என ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. பார்க்க முடியாது என்பதற்காக அவரை அப்பணியிலிருந்து விலக்கவில்லை. அவரால் இயலாத அந்த ஒரு சிறு செயலை மட்டும் மற்றவர் செய்தனர். எஞ்சியதெல்லாம் அவருடையதாகவே இருந்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பொதுப்பள்ளியில் சேர்த்துத் துணைநிற்பது எப்படி என்று இக்காலத்தில் எழுதப்படும் தடித்த நூல்கள் யாவும் இந்த ஏற்பாட்டைத்தான் பல அதிகாரங்களில் விரித்துரைக்கின்றன எனலாம்.

பிற்காலத்திலும் இம்மரபு வற்றவில்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஜைனுத்தீன் அல்ஆமிதீ பாக்தாதில் வாழ்ந்த பார்வையற்ற அறிஞர். நூல் வாணிகமும் செய்தவர். தம் நூல்களின் விலையை அறிய அவர் ஓர் உத்தி கையாண்டார். மெல்லிய தாளைத் திரித்து எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி வைப்பார். விரலால் தடவிப் பார்த்து விலையைச் சொல்வார். இச்செய்தியைப் பதிந்து வைத்தவர், பார்வையற்ற சான்றோரின் வரலாறுகளுக்கென்றே தனி நூல் யாத்த அஸ்ஸஃபதீ. பிரான்சில் லூயி பிரெயில் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. ஆயினும் அல்ஆமிதீயின் உத்தி அவருடைய கடையோடு நின்றுவிட்டது. அதை ஒரு பாடமுறையாக ஆக்க எவரும் முன்வரவில்லை. செவியால் கற்கும் முறை அத்துணை நிறைவாக இருந்ததால் விரலால் கற்கும் முறைக்குத் தேவை தோன்றவில்லை போலும்.

நம் காலத்துக்கு அண்மையில் எகிப்தின் தாஹா ஹுசைனைக் காண்கின்றோம். 1889இல் பிறந்த அவர் குழந்தைப் பருவத்திலேயே, கண்ணோய்க்குச் செய்த தவறான வைத்தியத்தால் பார்வையை இழந்தார். கிராமத்து ஓதுப்பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து திருமறையை மனனம் செய்தார். 1902இல் அல்அஸ்ஹர் சென்றார். 1914இல் கெய்ரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரும் ஆனார். அந்தக் கிராமப்பள்ளியின் ஆசிரியரைப் பற்றித் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருப்பது புகழுரை அன்று. அப்பள்ளியின் குறைகளை அவர் மறைக்கவில்லை. எனினும் அப்பள்ளி அவரை வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை என்பதும் அந்நூலிலிருந்தே தெரிகின்றது.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பக்கம். மறுபக்கத்தையும் காட்டாவிடில் இக்கட்டுரை வெறும் தற்புகழ்ச்சியாகிவிடும்.

பார்வையற்ற பிள்ளையை அணைத்துக்கொண்ட அதே ஓதுப்பள்ளி, செவிப்புலனற்ற பிள்ளையை வெளியே நிறுத்தியது. லெப்பை கொடியவர் என்பதால் அன்று. அவர் கைவசமிருந்த ஒரே வழி செவிவழி. அப்பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஆகவே ‘ஊமைப் பிள்ளைக்கு ஓதல் எதற்கு’ என்ற பேச்சு எழுந்தது. ‘ஊமை’ என்ற சொல்லே பிழையானது. பிறவியில் செவி கேளாத பிள்ளையின் நாவிலும் குரல்வளையிலும் பெரும்பாலும் யாதொரு குறையும் இருப்பதில்லை. கேட்டால்தானே பேசும்! மொழி உள்ளே புகாததால் வெளியே வரவில்லை. ஒரு பள்ளி ஒருவனை ஹாபிழாக்குவதும் மற்றொருவனை ஊமை என்று ஒதுக்குவதும் அப்பிள்ளைகளின் குறையினால் அன்று, பள்ளியின் முறையினால் என்பது இவ்விரு பிள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

வியப்பு என்னவெனில், நம் ஃபிக்ஹு நூலோர் இவ்விடயத்தில் ஓதுப்பள்ளியைவிட முன்னே சென்றிருந்தனர். இக்கடற்கரை ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில், பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகை அவருடைய பேச்சாகவே கொள்ளப்படும். அவருடைய கொள்வினையும் நிக்காஹும் அச்சைகையால் நிறைவேறும். உதுமானிய சுல்தான்களின் அரண்மனையிலோ 16ஆம் நூற்றாண்டு தொட்டுச் செவிகேளாப் பணியாளர் பலர் இருந்தனர். அவர்களுடைய சைகை மொழியை அரசவையினரும் பயின்றனர். சுல்தானின் முன் உரக்கப் பேசுவதை விடச் சைகையால் உரையாடுவதே மரியாதை எனக் கருதப்பட்டது. ஐரோப்பாவிலோ 1880இல் மிலான் நகரில் கூடிய செவிகேளாதோர் ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சுமுறையையே பின்பற்ற வேண்டுமெனத் தீர்மானித்தது. அத்தீர்மானம் பெருந்தவறு என்று அதே மாநாட்டின் வழிவந்தோர் அறிவிக்க 2010ஆம் ஆண்டு வரை ஆயிற்று. சைகையைப் பேச்சென ஒப்பிய சட்டம் நம்மிடம் இருந்தது. சைகையால் பாடம் நடத்தும் பள்ளி மட்டும் நம்மிடம் இல்லை. வளர்ந்தவனின் நிக்காஹுக்கு வழி கண்டவர்கள் நான்கு வயதுக் குழந்தையின் பாடத்துக்கு வழி காணாமற்போனது நம் வரலாற்றில் ஒரு பெருங்குறையே.

அக்குறையை நிரப்ப முற்பட்டோர் பிற சமயத்தார். நம் சுற்றுப்புறத்திலேயே, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பாளையங்கோட்டையில், 1890இல் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலப் பெண்மணி பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1897இல் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் செவிகேளாதோர் பள்ளியை நிறுவினார். அப்பள்ளி இன்றளவும் அவர் பெயராலேயே விளங்குகின்றது. இருவரும் கிறிஸ்தவ ஊழியத்தின் பொருட்டு வந்தவர்கள். 1880களில் பம்பாயிலும் அமிர்தசரசிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, தென்கோடியான பாளையங்கோட்டையில் இரண்டு பள்ளிகளும் அமைந்துவிட்டன. நம் வணிகர் தொழில் செய்து வந்த கொழும்புக்கு அருகேயும் 1912இல் மேரி சாப்மன் அம்மையாரால் செவிகேளாதோர்க்கும் பார்வையற்றோர்க்குமான பள்ளி எழுந்தது. இரத்மலானைப் பள்ளி என்று அறியப்படுவது அதுவே. உடன்குடியின் அண்டை ஊரான மெய்ஞ்ஞானபுரமும், சற்றுத் தொலைவிலுள்ள நாசரேத்தும் மிஷன் பள்ளிகளால் சிறந்த ஊர்கள். ஆகவே இத்தகைய பள்ளி ஒன்று உண்டு என்ற செய்தி நம் ஊர்களுக்கு எட்டாத செய்தி அன்று.

அப்பெண்மணிகளின் தொண்டைக் குறைத்துப் பேச நன்றியுள்ள எவருக்கும் நா எழாது. ஊமை என்று வீட்டின் பின்கட்டில் கிடந்த பிள்ளைக்கும் படிப்பு ஏறும், எழுத்து வரும், கைத்தொழில் கைகூடும் என்பதை நம் கண்முன்னே மெய்ப்பித்தவர்கள் அவர்களே. ஆயினும் அப்பள்ளிகளின் அமைப்பில் இரு எல்லைகள் இருந்தன. முதலாவது தொலைவு. உடன்குடியிலிருந்து பாளையங்கோட்டை ஐம்பது அறுபது கிலோமீட்டர். பிள்ளை விடுதியில்தான் தங்க வேண்டும். உம்மாவின் முகத்தை விடுமுறைக்கு விடுமுறைதான் காணும். முஸ்லிம் பிள்ளை மிஷன் விடுதியில் வளர்வதா என்ற தயக்கமும் அக்காலப் பெற்றோருக்கு இருந்திருக்கும். அத்தயக்கத்தை இன்று நாம் எள்ளி நகையாடுவது முறையன்று. இரண்டாவது எல்லை வயது. நான்கு வயதுக் குழந்தையைத் தொலைவூர் விடுதியில் விட எந்தத் தாய் மனம் ஒப்பும்? ஆறோ ஏழோ எட்டோ ஆகட்டும் என்று காத்திருப்பாள். அதற்குள் எது நடக்க வேண்டுமோ அதற்குரிய காலம் போய்விடும்.

ஏனெனில் மொழி என்பது எந்த வயதிலும் ஒரே எளிமையோடு ஏறுவதன்று. பிறந்த நாளிலிருந்து முதல் சில ஆண்டுகளே அதற்கு உகந்த பருவம். 1998இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செவிகேளாக் குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வொன்று, ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டுப் பயிற்சி தொடங்கப்பெற்ற பிள்ளைகள், பின்னர்க் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் காட்டிற்று. அதன் பின் உலகெங்கும் மருத்துவர் வகுத்துக்கொண்ட கணக்கு இது: ஒரு மாதத்துக்குள் செவிச்சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். அது பேச்சுமொழியானாலும் சரி, சைகை மொழியானாலும் சரி. ஏதேனும் ஒரு மொழி முழுமையாக அப்பருவத்தில் உள்ளே புக வேண்டும். இரண்டுமின்றி ஆறேழு ஆண்டுகள் கழிந்தால், பின்னர் எத்துணை நல்ல பள்ளியும் அந்த இழப்பை முழுதும் ஈடுசெய்வது அரிது.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. பிள்ளை இரண்டு வயதாகியும் பேசவில்லையெனில், ‘ஆண் பிள்ளை மெல்லத்தான் பேசும், அவன் வாப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்’ என்று ஆறுதல் சொல்வோர் ஒரு புறம். நேர்ச்சை நேர்ந்தால் நா திறக்கும் என்போர் மறுபுறம். இது நம்மவருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உடன்குடிக்கு அருகிலுள்ள திருச்செந்தூரில், ஐந்து வயது வரை பேசாதிருந்த ஸ்ரீவைகுண்டத்துக் குழந்தை நாத்திறம் பெற்றுக் குமரகுருபரர் என்னும் பெரும்புலவரானார் எனும் வரலாற்றை இந்து அன்பர்கள் பக்தியோடு சொல்வர். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. இறைவனிடம் இறைஞ்சுவதை எவரும் தடுக்கவியலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. துஆவும் நடக்கட்டும், அதே வாரத்தில் செவிச்சோதனையும் நடக்கட்டும் என்பதே நாம் வேண்டுவது. ‘பேசும், பேசும்’ என்று காத்திருக்கும் ஒவ்வோராண்டும் அப்பிள்ளையின் கணக்கில் கழிவாகின்றது.

காத்திருப்புக்கு ஆறுதல் மட்டுமே காரணமன்று, அச்சமும் காரணம். தம்பிக்குக் குறை என்று வெளியே தெரிந்தால் அக்காளுக்கு மணம் பேச வருவார்களா என்ற அச்சம் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்கின்றது. இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொன்று, உறவுக்குள்ளேயே மணமுடிக்கும் நம் வழக்கம். அத்தகைய மணங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நலமான பிள்ளைகளே பிறக்கின்றனர். என்றாலும் பரம்பரையில் வரும் செவிட்டுத்தன்மை போன்ற சில குறைகளுக்கு நெருங்கிய உறவில் மணம் வாய்ப்பைக் கூட்டுகின்றது என்பது மருத்துவம் ஐயமற உணர்ந்த ஒன்று. மார்க்கம் அனுமதித்த ஒன்றைத் தடுக்கும் எண்ணம் நமக்கில்லை. குடும்பத்தில் முன்னரே இத்தகைய குறை இருந்தால், மணத்துக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வதும், பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதத்திலேயே சோதனை செய்வதும் மார்க்கத்துக்கு மாறானவை அல்லவே!

இனி, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளின் நிலைக்கு வருவோம். இவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. ‘அவன் மீது தொழுகை கடமையில்லை, அவனுக்கு ஓதல் எதற்கு’ என்பர். கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது அவர்களுடைய சுமையைக் குறைக்கவேயன்றி, அவர்களுடைய பங்கைப் பறிக்க அன்று. அறிவு முதிராதாரின் சொத்தைப் பேணும் பொறுப்பைப் பற்றிச் சொல்லும் திருமறையின் நான்காம் அத்தியாயம், அவர்களுக்கு உணவும் உடையும் அளிப்பதோடு அவர்களிடம் கனிவான சொல் சொல்லவும் கட்டளையிடுகின்றது. சொல்லுக்குரியவர்கள் என்றால் கல்விக்கும் உரியவர்கள்தாம்.

ஒரு வரலாற்று வேடிக்கையை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை. இன்று வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைப் பெருமையுடன் சேர்க்கும் மாண்டிசோரிப் பாலர் பள்ளிகளின் மணிகளும், உப்புத்தாள் எழுத்துகளும், மரக்கட்டைகளும் யாருக்காக முதலில் உருவாயின? மரியா மாண்டிசோரி அம்மையார் ரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பித்துக் கண்ட முறைகளையே, 1907இல் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் திறந்த பள்ளியில் ஏனைய பிள்ளைகளுக்கும் கையாண்டார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். ஆக, ‘இவனால் படிக்க முடியாது’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்காகக் கண்ட வழியே ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் நல்வழியாயிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தெழுதிய பழக்கமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தேரிச் செம்மணலுக்குப் பஞ்சமில்லாத உடன்குடியில் அப்பழக்கத்தை மீட்க ஒரு காசும் செலவாகாது!

சுதந்திர இந்தியாவில் சட்டமும் திட்டமும் மெல்ல மெல்ல வந்தன. குறையுள்ள பிள்ளைகளைப் பொதுப்பள்ளியிலேயே சேர்த்துப் பார்க்க வேண்டுமென 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு கருதியது. 1974இல் அதற்கென மத்திய அரசின் திட்டம் பிறந்தது. 1995லும் 2016லும் உரிமைச் சட்டங்கள் வந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொள்கின்றது. தமிழக அரசு 2010இல் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விடுத்து ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லை ஏற்றது. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடாது என்றாலும், பழைய சொல் ஒழிந்ததே ஒரு நன்மைதான்.

ஆயினும் இச்சட்டங்களைக் கூர்ந்து படிப்போர்க்கு ஒன்று புலனாகும். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதில் தொடங்கிப் பதினான்கில் முடிகின்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வியை ஆறு முதல் பதினெட்டு வரை உறுதி செய்கின்றது. இரண்டும் ஆறில்தான் கண் விழிக்கின்றன! ஆறுக்கு முன்னர்? 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிகள் உண்டு. அவற்றில் குறைபாடுள்ள குழந்தைகளை எங்ஙனம் இனங்கண்டு சேர்ப்பது என்பதற்கான நெறிமுறை 2023இல்தான் வெளிவந்தது. அங்கன்வாடிக்கு அடுத்து, நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை கால் வைக்கும் இடம் நான்கு வயது நான்கு மாதத்தில் சேரும் ஓதுப்பள்ளியே. சட்டம் விட்டுவைத்த இடைவெளியில் நம் முன்னோர் நாட்டிய பாலர் கல்வி நிற்கின்றது. அதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுண்டா என்பதே கேள்வி.

தமிழகத்திலேயே இளம்பருவப் பணிக்கு முன்மாதிரிகள் உண்டு. சென்னையில் 1969இல் தொடங்கிய பாலவித்யாலயா, செவிகேளாப் பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஏற்று, தாயையும் உடன் இருத்திப் பயிற்றி, பள்ளி வயதில் ஊர்ப்பள்ளிகளுக்கே அனுப்பி வைக்கின்றது. பாளையங்கோட்டை முறைக்கு இது நேர் மறுதலை: பிள்ளையைத் தனியே வளர்ப்பது நோக்கமன்று, பொதுப்பள்ளியில் உட்கார வைப்பதற்காகச் சில ஆண்டு தனியே ஆயத்தம் செய்வதே நோக்கம். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர்சேவா சங்கமும் சிற்றூர்களின் குழந்தைகளுக்கு இளம்பருவப் பயிற்சி அளிப்பதில் பெயர் பெற்றது. கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். காயல்பட்டினத்திலும் ஊரார் முயற்சியால் ‘துளிர்’ என்னும் சிறப்புப் பள்ளி எழுந்தது. நம்மவர் வாளாவிருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஓதுப்பள்ளியில் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. செவிக்கருவி அணிந்த பிள்ளைக்கு முதற்பகை இரைச்சல். முப்பது பிள்ளைகள் முப்பது பாடத்தை ஒரே நேரத்தில் உரக்க ஓதும் நம் வழக்கம் கேட்பதற்கு இனியதுதான். ஆனால் அக்கருவி எல்லா ஓசையையும் ஒருசேரப் பெருக்கி அப்பிள்ளையின் செவியில் கொட்டும். எனவே அதன் முறை வரும்போதாவது மற்றவர் தாழ்ந்த குரலில் ஓதலாம். வெறுஞ்சுவரும் தகரக்கூரையும் எதிரொலியைக் கூட்டும். பாயும் திரையும் அதைக் குறைக்கும். லெப்பை சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் அவர் முகம் இருளில் மறையும், உதட்டசைவு தெரியாது. சன்னலை நோக்கி அமர்ந்தால் தெரியும். திக்கிப் பேசும் பிள்ளையை மற்றவர் நகைக்கும்போது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டிய மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லலாம். தமக்குத் துணையாகத் தம் உடன்பிறந்தார் ஹாரூன் (அலை) அவர்களை அவர்கள் கேட்டுப் பெற்றதையும் சொல்லலாம். இத்தகைய பிள்ளையின் அருகே அவனுடைய அண்ணனையோ ஒன்றுவிட்ட சகோதரனையோ அமர்த்துவதற்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் வேண்டுமோ?

பார்வையற்ற பிள்ளைக்கும் ஓதுப்பள்ளி செய்ய வேண்டியது எஞ்சியிருக்கின்றது. மனனத்தோடு நின்றால் அவன் ஹாபிழாவான். தானே ஏட்டைத் தடவிப் படிக்க இயலாது. 1951இல் பெய்ரூட்டில் யுனெஸ்கோவின் ஆதரவில் நடந்த கூட்டங்களில் இந்திய மொழிகளுக்கும் அரபுக்கும் பிரெயில் எழுத்து ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டது. ஆறு புள்ளிகளில் அமைந்த அவ்வெழுத்தில் தமிழின் அகரமும் அரபியின் அலிஃபும் ஒரே புள்ளி. நம் லகரமும் அவர்களின் லாமும் ஒன்று; மகரமும் மீமும் ஒன்று; நகரமும் நூனும் ஒன்று. அரபுப் பிரெயிலும் தமிழைப் போல இடமிருந்து வலமாகவே செல்கின்றது. தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி என்றோர் இலக்கியத்தையே வளர்த்த சமுதாயம் நாம். அவ்விரு மொழிகளும் ஒரே புள்ளியில் கூடுவதை நம் பிள்ளைகளில் ஒருவனாவது விரல் நுனியால் உணர வேண்டாமா? தமிழ்ப் பிரெயில் கற்ற பிள்ளைக்கு அரபுப் பிரெயிலின் பல எழுத்துகள் முன்னரே தெரிந்தவை என்பதை லெப்பையவர்களும் ஜமாஅத்தாரும் அறிந்தால், பாதி வேலை முடிந்ததாகும்.

இவற்றுக்கெல்லாம் பயிற்சி பெற்றவர் வேண்டுமே என்ற கேள்வி எழலாம். ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு. உடன்குடி ஒன்றியத்துக்கும் உண்டு. சிறப்பாசிரியர்கள் அம்மையங்களைச் சார்ந்து பணிபுரிகின்றனர். வீட்டைவிட்டு வர இயலாத பிள்ளையை வீட்டுக்கே சென்று காணும் ஏற்பாடும் உண்டு. ஜமாஅத் ஒருமுறை அழைத்தால் அவர்கள் ஓதுப்பள்ளிக்கு வந்து லெப்பையோடு அமர்ந்து பேசுவதற்கு யாதொரு தடையுமில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே காணும் மத்திய அரசின் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மாவட்ட அளவில் இளம்பருவ இடையீட்டு மையங்கள் ஏற்பட்டன. நிக்காஹ் பதிவேட்டையும் கபுர்ஸ்தான் கணக்கையும் பிழையின்றி வைத்திருக்கும் ஜமாஅத்துகள், ஊரில் பிறந்த குழந்தைகளில் யார் யாருக்குச் செவிச்சோதனை நடந்தது என்பதற்கு இன்னுமொரு பக்கத்தை அவ்வேட்டில் சேர்ப்பது பெரும்பாரமாகாது. ஆண்கள் வளைகுடாவிலும் சென்னையிலும் தொழில் செய்ய, வீட்டுப் பொறுப்பு முழுதும் பெண்கள் கையிலிருக்கும் ஊர்கள் நம்முடையவை. ஆகவே பள்ளிவாசல் அறிவிப்பினும் பெண்களின் தைக்காக்களில் சொல்லப்படும் செய்தியே விரைவில் பயன் தரும் என்பது என் எண்ணம்.

2012இல் தொடங்கிய தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் அடங்கும். பல இலட்சம் ரூபாய் பெறுமதியுள்ள அச்சிகிச்சை, திட்டத்துக்குட்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. ஆனால் பிள்ளை ஆறு வயதுக்குட்பட்டிருக்க வேண்டும். சோதனைகளுக்கும், முதலில் செவிக்கருவி அணிந்து பார்ப்பதற்கும், தடுப்பூசிகளுக்கும், அனுமதிக்கும் மாதங்கள் கழியும். அறுவைக்குப் பின்னரும் கேட்கப் பழகும் பயிற்சி ஓரிரண்டு ஆண்டு நீளும். நான்கு வயது நான்கு மாதம் நான்கு நாளில் பிள்ளையை ஓத வைத்து, லெப்பை சொல்வதை அவன் திருப்பிச் சொல்லாததைக் கண்டு அன்றைக்குத்தான் ஐயம் எழுகின்றது என்றால், அக்குடும்பத்தின் கையில் எஞ்சியிருப்பது ஓராண்டும் ஏறத்தாழ எட்டு மாதமும் மட்டுமே.